சிறைச்சுவருள் எழுந்த சட்டம்: தென்னாபிரிக்கக் கைதிகளின் ஒழுக்கக் கோவை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொலை, கொள்ளை முதலாய வன்செயல்களைப் புரிந்து தண்டனை பெற்றோரிடத்தே அறவுணர்வு என ஒன்று உண்டோ என்னும் வினாவிற்கு, 'இல்லை' என்றே பலரும் எளிதில் விடையிறுப்பர். சட்டத்தை மீறியமையாற் சிறை புகுந்தோர் மற்றொரு சட்டத்திற்குக் கட்டுப்பட்டு வாழ்வர் என எதிர்பார்ப்பது முரணாகவே தோன்றும். ஆயின் சிறைச்சாலைகளை ஆராய்ந்த சமூகவியலாளர் கண்ட உண்மை இதற்கு மாறானதாகும். வெளியுலகச் சட்டத்தை மதியாதோர் சிறையினுள்ளே தமக்கெனச் சில விதிகளை வகுத்துக்கொள்கின்றனர். அவற்றை மீறுவோரை நீதிமன்றங்களினும் கடுமையாகத் தண்டிக்கின்றனர். இவ்விதிகள் எங்கிருந்து தோன்றின? இவற்றை அறம் எனல் தகுமா? இவ்விரு வினாக்களையும் தென்னாபிரிக்கச் சிறைகளின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கொள்கைகள்

1940 ஆம் ஆண்டில் டொனல்ட் கிளெம்மர் வெளியிட்ட 'சிறைச் சமூகம்' என்னும் நூல் இத்துறையின் முன்னோடி ஆய்வாகக் கொள்ளப்படுகின்றது. 1958 இல் கிறெசம் சைக்ஸ், நியூ ஜேர்சி மாநிலத்து ட்ரென்ரன் நகரிலுள்ள சிறையை ஆராய்ந்து 'கைதிகளின் சமுதாயம்' என்னும் நூலை எழுதினார். உடனுறையும் கைதியைக் காட்டிக் கொடாமை, அவனை ஏமாற்றாமை, காவலரை நம்பாமை, துன்பத்தைக் கலங்காது தாங்குதல் ஆகியனவே கைதிகளின் கோவையில் முதன்மை பெறுவன என்பதை இவ்வகை ஆய்வுகள் புலப்படுத்தின.

இக்கோவையின் தோற்றம் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. சுதந்திரம், உடைமை, பாலுறவு, தன்விருப்பம், பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் இழந்தோர் அவ்விழப்பின் வேதனையைத் தணித்துக்கொள்ளும் பொருட்டுச் சிறையினுள்ளேயே ஆக்கிக்கொண்டது இது என்பது சைக்ஸின் கருத்து. 1962 இல் ஜோன் இர்வின், டொனல்ட் கிறெசி ஆகிய இருவரும் இதனை ஏற்காது, கைதிகள் வெளியுலகில் வாழ்ந்த காலத்தே பழகிய ஒழுகலாறுகளையே சிறைக்குள்ளும் கொண்டு வருகின்றனர் என வாதிட்டனர். இவ்விரு கொள்கைகளும் ஐக்கிய அமெரிக்காவின் சிறைகளைச் சில ஆண்டுகள் உற்று நோக்கியதன் வழிப் பிறந்தவை. ஒரு கோவை நூறாண்டுக்கு மேலாக எவ்வாறு பிறந்து, வளர்ந்து, திரிந்தது என்பதைக் காண விரும்புவோர்க்குத் தென்னாபிரிக்காவின் வரலாறே தக்க சான்றாகும். அந்நாட்டுச் சிறைகளில் 26, 27, 28 என்னும் எண்களாற் பெயர்பெற்ற குழுக்கள் இன்றும் உள்ளன. இவற்றின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே காணப்படுகின்றது.

ஒரு குதிரையும் ஒரு கலகமும்

முசுசேபி மாத்தெபுலா என்பார் 1867 இற் பிறந்த ஒரு சூலு இனத்தவர். பிற்காலத்தில் 'நொங்கொலோசா' என்னும் பெயராலேயே அவர் அறியப்பட்டார். அவர் சிறுவனாயிருந்த 1879 இல் சூலு அரசு ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றது. இளைஞரானபின் ஹரிஸ்மித் பகுதியில் ஒரு வெள்ளையரிடம் வேலைக்கமர்ந்திருந்த காலத்தே, எசமானின் குதிரையொன்று காணாமற் போயிற்று. தன்மீது பிழையில்லை என அவர் எடுத்துரைத்தும் பயனில்லை. குதிரையின் விலையைத் தன் உழைப்பினால் அவரே தீர்க்க வேண்டுமென எசமான் பணித்தார். அதற்கு இணங்காத மாத்தெபுலா யொகான்னஸ்பேக் நகரை நோக்கிச் சென்றார்.

1886 இற் பொன் கண்டுபிடிக்கப்பட்டமையால் எழுந்த நகரம் அது. பல திசைகளிலிருந்தும் உழைப்பாளர் அங்கே வந்து குவிந்துகொண்டிருந்தனர். வழிப்பறி செய்த வெள்ளையர் சிலரிடம் ஏவலாளாய் அமர்ந்து அத்தொழிலைக் கற்ற மாத்தெபுலா, பின்னர் நகருக்குத் தெற்கேயுள்ள குன்றுகளில் தாமே ஒரு கூட்டத்தைத் திரட்டினார். 'மலைகளின் படை' என அது வழங்கப்பெற்றது. வரலாற்றாசிரியர் சாள்ஸ் வான் ஒன்செலன் 1984 இல் வெளியிட்ட இவரது வாழ்க்கை வரலாற்று நூலுக்கு, 'ஒரு குதிரை பற்றிய சிறு விடயம்' எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். பெருங் கலகமொன்றின் தொடக்கம் ஓர் ஏவலாளனுக்கு இழைக்கப்பட்ட சிறு அநீதியே என்பதை அத்தலைப்பு உணர்த்துகின்றது.

நினிவே சட்டம்

இக்கூட்டத்தார் தம்மை 'நினிவேயர்' எனவும் அழைத்துக்கொண்டனர். விவிலிய நூல் கூறும் நினிவே மாநகர் ஆண்டவருக்கு எதிராகக் கிளர்ந்ததெனப் படித்த நொங்கொலோசா, அரசின் சட்டங்களுக்கு எதிராகக் கிளர்ந்த தம்மவர்க்கு அப்பெயரே பொருந்தும் எனக் கருதினார். 1912 இற் சிறை அதிகாரிகளிடம் அவர் அளித்த வாக்குமூலத்திலிருந்து இதனை அறிகின்றோம். தண்டனைக் குறைப்பை நாடிய ஒரு கைதி அதிகாரிகளிடம் கூறியது என்னும் எச்சரிக்கையோடேயே வரலாற்று மாணவர் இவ்வாக்குமூலத்தை நோக்குதல் வேண்டும். எனினும் அது தரும் அமைப்பு விபரங்கள் பெரிதும் கவனத்திற்குரியன.

அரசனுக்கு ஒப்பான தலைவர், அவருக்கு அடுத்த பிரபு, போயர் படையின் மாதிரியில் ஒரு போர்த் தளபதி, பெருங் குற்றங்களை விசாரிக்க ஒரு நீதிபதி, சிறு குற்றங்களுக்கு ஒரு நீதவான், நோயுற்றோரைக் கவனிக்க ஒரு மருத்துவர், கேணல், கப்டன், சார்ஜன்ட், கோப்ரல், அவர்க்குக் கீழே சாதாரண போர்வீரர் என அவ்வமைப்பு விரிந்தது. எந்த அரசு அவர்களைக் குற்றவாளிகள் என ஒதுக்கியதோ அவ்வரசின் உறுப்புக்கள் அனைத்தையும் அவர்கள் தம்மிடத்தே படியெடுத்துக்கொண்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவர்கள் வேண்டியது சட்டமற்ற வாழ்வன்று. தம்மையும் மனிதராக மதிக்கும் ஒரு சட்டத்தையே அவர்கள் வேண்டினர்.

ஆயினும் இக்கூட்டத்தை ஏழைகளின் காவலராகக் காட்டுவது வரலாறாகாது. சுரங்கங்களில் மாதக்கணக்கில் உழைத்து, பெற்ற கூலியோடு ஊர் திரும்பிய கறுப்பினத் தொழிலாளரும் இவர்களாற் கொள்ளையிடப்பட்டனர். அநீதியினின்று பிறந்த சட்டம் தன்னைப் போன்றே அநீதிக்குள்ளானோரைக் காக்கத் தவறியது. இம்முரண் பின்வந்த நூறாண்டிலும் தொடர்வதைக் காண்போம்.

சிறையை நிரப்பிய சட்டங்கள்

மலைக் கூட்டமொன்றின் சட்டம் நாடெங்கணும் சிறைகளிற் பரவியது எவ்வாறு? இதற்குரிய விடை அரசின் சட்டங்களிலேயே உள்ளது. கறுப்பினத்தவர் எங்குச் சென்றாலும் அனுமதிச்சீட்டு வைத்திருத்தல் வேண்டுமெனச் சட்டங்கள் விதித்தன. சீட்டில்லாதோர், தொழில் ஒப்பந்தத்தை மீறியோர், எசமானை விட்டு நீங்கியோர் ஆகிய யாவரும் சிறையிலடைக்கப்பட்டனர். ஒரு சில வாரத் தண்டனை பெற்ற இளைஞனும், பல கொலைகள் புரிந்தவனும் ஒரே கூடத்திற் படுத்துறங்கினர். கிம்பர்லி வைரச் சுரங்கங்கள் முதலானவற்றிற்குக் கைதிகளின் உழைப்பு வாடகைக்கு விடப்பட்டமையால், சுரங்கத் தொழிலாளர் விடுதிக்கும் சிறைக்குமிடையே வேற்றுமை குறைந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்கள் சென்று வந்தவாறே நினிவேயரின் விதிகளும் சென்று வந்தன. நொங்கொலோசா சிறைப்பட்ட பின்னரும் அவர்தம் ஆட்சி ஒழியவில்லை. குன்றுகளிற் பொலிசார் வேட்டையாடிய கூட்டத்திற்குச் சிறையே உறுதியான கோட்டையாயிற்று.

இவ்வாறு நோக்குமிடத்து, மேற்கூறிய இரு கொள்கைகளும் தனித்தனியே போதா என்பது தெளிவாகும். கோவை வெளியிலிருந்தே உள்ளே வந்தது. அவ்வளவில் இர்வின், கிறெசி ஆகியோரின் கூற்று உண்மை. ஆயின் அது வேரூன்றியதும், நூறாண்டு நிலைத்ததும் சிறை விளைத்த இழப்புக்களாலேயே. அவ்வளவிற் சைக்ஸின் கூற்றும் உண்மை. இரண்டிற்கும் பாலமாய் அமைந்தது, உழைப்பாளனையும் கொலையாளியையும் ஒன்றாய் அடைத்த அரசின் கொள்கையாகும்.

இவ்விடத்தே தமிழர் வரலாற்றோடு இதற்குள்ள தொடர்பொன்றையும் குறித்தல் தகும். 1907 ஆம் ஆண்டின் ஆசியர் பதிவுச் சட்டத்திற்குப் பணிய மறுத்து ட்ரான்ஸ்வால் சிறைகளை நிரப்பிய சத்தியாக்கிரகிகளுள் தமிழர் பெருந்தொகையினர்; மொறீசியசிற் பிறந்த தம்பி நாயுடு பன்முறை சிறை சென்றவர். காந்தியடிகள் 1908 சனவரியில் யொகான்னஸ்பேக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் அங்கு கொண்டுவரப்பட்டபோது, கொடிய குற்றவாளிகள் நடுவே ஓரிரவை அச்சத்தோடு கழித்தமையை அவர் எழுதியுள்ளார். நினிவேயரின் ஆட்சி ட்ரான்ஸ்வால் சிறைகளிற் பரவியிருந்த காலம் அது. கறுப்பினக் கைதிகள் பற்றி அக்குறிப்புக்களில் அவர் வழங்கிய சொற்கள் இன்று படிப்போரை வருந்தச் செய்வன. ஒரு சீட்டின் பொருட்டு இந்தியரும், மற்றொரு சீட்டின் பொருட்டு ஆபிரிக்கரும் ஒரே சுவருக்குள் அடைபட்டிருந்தும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை. தன்னவர் அல்லாதாரைக் காண மறுக்கும் குறை கொள்ளையரிடத்து மட்டுமன்று, சான்றோரிடத்தும் இருந்தமைக்கு இது சான்றாகும்.

கதை வடிவில் ஒரு சட்டநூல்

எழுத்திலமையாத இக்கோவை ஒரு கதையாகவே கைதிகளிடையே வழங்கி வருகின்றது. புதிதாய்ச் சேர்வோர் அதனை மனனஞ் செய்தல் வேண்டும். ஜொனி ஸ்டைன்பேக் 2004 இல் வெளியிட்ட 'எண்' என்னும் நூல், கேப் டவுணுக்கு அண்மையிலுள்ள பொல்ஸ்மூர் சிறையில் அவர் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இக்கதையை விரிவாகத் தருகின்றது. பாடபேதங்கள் பலவாயினும் கதையின் போக்கு பின்வருமாறு அமையும்.

சுரங்கங்களுக்குச் சென்ற இளைஞர் ஊர் திரும்பாமை கண்ட ஞானி ஒருவர், தாமே சென்று அவர்கள் படும் துயரை நேரிற் கண்டார். சுரங்கத்திற் சாவதினும் அதன் பொன்னைக் கவர்ந்து வாழ்வதே மேல் எனக் கருதி, நொங்கொலோசா, கிலிகிஜான் ஆகிய இளைஞரிருவரையும் ஏனையோரையும் அவர் பயிற்றுவித்தார். எண்மர் நொங்கொலோசாவின் கீழ் இரவிலும், எழுவர் கிலிகிஜானின் கீழ்ப் பகலிலும் கொள்ளையிட்டனர். ஒரு பண்ணையாரிடம் எருதொன்றை விலைக்குக் கேட்டு, அவர் மறுக்கவே, அவரைக் குத்தி எருதைக் கவர்ந்தனர். அவ்வெருதின் தோலிலும் ஒரு கல்லிலும் சட்டங்கள் பொறிக்கப்பட்டன. கல் இரண்டாய்ப் பிளந்து ஒரு பாதி உருண்டு ஆற்றில் வீழ்ந்தது. எஞ்சிய பாதி கிலிகிஜானிடமும், தோல் நொங்கொலோசாவிடமும் இருந்தன.

பின்னொருநாள், நொங்கொலோசா ஓர் இளைஞனோடு உடலுறவு கொண்டதைக் கிலிகிஜான் கண்டு, இது சட்டத்திற்கு மாறானது என்றான். சட்டம் இதற்கு இடந்தருகின்றது என மற்றவன் தோலைக் காட்டினான். கிலிகிஜானின் பாதிக் கல்லிலோ அப்பகுதி இல்லை. இருவரும் பொருதிப் பிரிந்தனர். எண்மரின் வழியினர் 28 எனவும், எழுவரின் வழியினர் 27 எனவும் பெயர்பெற்றனர். பின்னர் டேர்பன் சிறையிற் சந்தித்த அறுவரின் வழிவந்தோர் 26 எனப்பட்டனர்.

இக்கதை வெறும் புனைவென ஒதுக்கத்தக்கதன்று. சுரங்கமே முதற் குற்றவாளி என்னும் கைதிகளின் தீர்ப்பு அதன் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது. அதனினும் வியத்தற்குரியது, தம் சட்டநூலின் பாதி தொலைந்துபோயிற்று என அவர்களே ஒப்புக்கொள்வதாகும். எவ்வொழுக்கம் தகும், எது தகாது என்னும் ஐயம் அவர்களின் மூலக்கதையிலேயே தீராத வழக்காய் நிற்கின்றது. அறம் பற்றிய கவலையே இல்லாதோர் இத்தகைய கதையைப் படைத்திருக்க இயலாது.

விதிகள் நடைமுறையில்

மூன்று குழுக்களுக்கும் தனித்தனிக் கடமைகள் வகுக்கப்பட்டுள்ளன. தந்திரத்தினாற் பணமும் பொருளும் திரட்டுவது 26 இன் பணி. கைதிகளின் உணவு, உரிமை முதலானவற்றிற்காகப் போரிடுவது 28 இன் பணி எனக் கூறப்படும். இரு சாராரிடையேயும் சட்டம் தவறாது காப்போர் 27 ஆகிய குழுவினர். வழக்குகளை விசாரிக்க மன்றங்கள் உள்ளன. பதவிக்கேற்ற சீருடைகள் கண்ணுக்குப் புலனாகாவிடினும் சொற்களால் அணியப்படுகின்றன. குழுவினர் தமக்கெனத் தனி மொழியும் பேணுகின்றனர்.

போர்வீரன் என்னும் தகுதி பெற விழைபவன் காவலர் ஒருவரையோ குழுவிற் சேராத கைதியையோ கத்தியாற் குத்துதல் வேண்டும். அதன்பின் காவலர் அடிக்கும் அடிகளை வாய்திறவாது தாங்குதல் வேண்டும். கதறியவன் தகுதியிழப்பான். நிறவெறி ஆட்சிக்காலச் சிறைகளிற் காவலரின் தடியடி நாளாந்த நிகழ்வாய் இருந்தமையை நினைவிற் கொண்டாலன்றி இவ்விதியின் பொருள் விளங்காது. அடிப்பவனிடமிருந்து தண்டிக்கும் அதிகாரத்தைப் பறிக்க இயலாதோர், அத்தண்டனைக்குத் தாமே பொருள் கொடுத்தனர். காவலனின் தடி அவமானத்தின் கருவியாகாது வீரத்தின் சோதனையாக மாறியது. இழந்த மானத்தை மீட்டுக்கொள்ளும் முயற்சி இதனுள் உறைவதை மறுத்தல் இயலாது.

அறமும் நியதியும்

எனினும் இம்மானத்திற்கு விலை கொடுத்தோர் யாவர்? வரலாற்றாசிரியர் விடாது கேட்க வேண்டிய வினா இதுவே. குத்துண்டவர்களிற் பலர் எக்குழுவையும் சாராத எளிய கைதிகள். 28 ஆம் குழுவின் இரு பிரிவுகளுள் ஒன்று போர்வீரர்களுடையது. மற்றையது 'பெண்டிர்' எனக் கருதப்பட்டோருடையது. இளைஞர் பலர் ஏமாற்றப்பட்டும் அச்சுறுத்தப்பட்டும் இப்பிரிவில் தள்ளப்பட்டனர். அவர்தம் துயரைக் கேட்க அம்மன்றங்களில் இடமிருக்கவில்லை. விதி மீறியோரைப் பூட்டுக்களையும் குவளைகளையும் துணியிற் சுற்றி அடிப்பதும் வழக்கமாயிருந்தது. உரிமைக்காகப் போரிடுவதாகக் கூறிய சட்டம் தன் நிழலிலேயே உரிமையற்ற ஒரு கூட்டத்தை உண்டாக்கிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்கதொரு நிகழ்வு றொபன் தீவில் இடம்பெற்றது. 1960களில் அங்கு அரசியற் கைதிகளை அலைக்கழிக்கும் பொருட்டுக் குற்றக் கும்பல்களைச் சேர்ந்த கைதிகள் அவர்களோடு வேலைக்கு விடப்பட்டனர். அரசியற் கைதிகளை அச்சுறுத்தி உணவைப் பறித்துவந்த ஒரு கும்பல் தலைவன், ஒரு நாள் காவலராற் கடுமையாகத் தாக்கப்பட்டான். அவனுக்காக மேலதிகாரியிடம் முறையிட முன்வந்ததை நெல்சன் மண்டேலா 1994 இல் வெளிவந்த தம் சுயசரிதையிற் குறிப்பிடுகின்றார். அவனோ பின்னர், தனக்கு முறைப்பாடு எதுவுமில்லை என மறுத்துவிட்டான். முறையீடு பயனளிக்கவில்லை எனினும், இரு ஒழுக்கங்களுக்குமிடையே உள்ள வேறுபாட்டை இது துலக்கமாகக் காட்டுகின்றது. கும்பலின் கோவை தன்னவனை மட்டுமே காக்கும். மற்றையது, தன்னைத் துன்புறுத்தியவனும் அடிபடலாகாது எனக் கொள்ளும்.

நியதி வேறு, அறம் வேறு என நாம் பிரித்தறிய வேண்டுவது இங்கேதான். உறுதிமொழி, துணிவு, இரகசியம் காத்தல், பங்கிட்டுண்ணல், முறைப்படி விசாரித்தல் ஆகிய யாவும் நியதிக்குள் அடங்கும். கொடியோரும் இவற்றைக் கடைப்பிடித்தல் கூடும். தென்னாபிரிக்கக் கைதிகள் நெடுங்காலம் கடைப்பிடித்தும் உள்ளனர். வட்டத்துக்கு வெளியே நிற்பவன்மீதும் பொறுப்புணரும்போதே நியதி அறமாகின்றது. இவ்வளவுகோலால் அளக்கும்போது கைதிகளின் கோவை குறைபடுகின்றது. அதே அளவுகோலால், அவர்களைச் சிறையிட்ட அரசின் சட்டமும் அவ்வாறே குறைபடுகின்றது. இரண்டனுள் ஒன்றை மட்டும் குற்றங் கூறுதல் நடுவுநிலையாகாது.

தோற்றுவித்தவரும் தோன்றியதும்

நொங்கொலோசாவின் இறுதிக்காலம் சிந்தனைக்குரியது. 1912 இற் கலகத்தைக் கைவிட்ட அவர், பின்னர் சிறைக்காவலராகவே பணியேற்றார். தாம் எதிர்த்து நின்ற அரசின் சீருடையை அணிந்த அவர், 1948 இற் காலமானார். நிறவெறிக் கொள்கையை அறிவித்த கட்சி ஆட்சிபீடமேறிய ஆண்டும் அதுவே. கைதிகளின் கதையில் வரும் நொங்கொலோசாவோ ஒருபோதும் பணியவில்லை. காவலராய் மாறிய மனிதருக்கு அக்கதையில் இடமில்லை. ஆக்கியோன் கைவிட்ட சட்டத்தை மற்றையோர் கைவிடாமைக்குக் காரணம், அச்சட்டத்தை வேண்டச் செய்த நிலைமைகள் மாறாதிருந்தமையேயாம். அனுமதிச்சீட்டுச் சட்டங்கள் 1986 வரை நீடித்தன.

கோவையைத் தளரச் செய்தது அரசின் தண்டனையன்று; பணமே அதனைச் செய்தது. 1980களிலும் 1990களிலும் போதைப்பொருள் வணிகத்தாற் செல்வம் திரட்டிய கேப் டவுண் தெருக் கும்பல்கள் சிறைக் குழுக்களோடு உறவு பூண்டன. வெளியே செல்வாக்குடையோர், நெடுங்காலம் துன்புற்றோர்க்கே உரியனவாயிருந்த பதவிகளை எளிதிற் பெறலாயினர். எண்ணை விலைக்கு விற்றுவிட்டனர் எனப் பழைய கைதிகள் புலம்பலாயினர். 1994 இன் ஆட்சிமாற்றத்தின் பின் சிறை நிர்வாகத்திற் சீர்திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்ட போதிலும், இடநெருக்கடியும் வெளியே வறுமையும் குறையாத சூழலில் எண்கள் மறையவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வன்செயற் குற்றவாளிகளிடத்தே ஒழுக்க உணர்வு இல்லை என்னும் பொதுக் கருத்து வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பது புலனாகும். அவர்களிடத்தே அது உண்டு. சிலவேளை வெளியுலகத்தாரிடம் உள்ளதினும் கண்டிப்பாகவே உண்டு. ஆயின் அவ்வொழுக்கம் அவர்களைச் சூழ்ந்த உலகின் வடிவையே தாங்கி நிற்கின்றது. படிநிலையும் தடியும் விலக்கும் கொண்டதொரு அரசு, தன் சிறைகளிலும் அவ்வாறானதொரு சட்டத்தையே விளைவித்தது. கைதிகளின் கோவையைக் கண்டு அஞ்சும் சமுதாயம், தான் சட்டம் என வழங்குவது யாருக்கெல்லாம் பாதுகாப்பளிக்கின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதை முதலிற் கணக்கெடுத்தல் வேண்டும். ஓர் ஏவலாளனின் சொல்லை அன்று எசமான் செவிமடுத்திருப்பின் இக்கோவை தோன்றியிராது எனக் கூறுதல் மிகையாகலாம். அச்சொல்லைக் கேட்க ஒரு மன்றமும் இல்லாத நாட்டில், அவன் மலையேறித் தனக்கென ஒரு மன்றத்தை அமைத்துக்கொண்டதும், பின்னர் அம்மன்றமும் எளியோரின் சொல்லைக் கேளாது போனதும் வரலாறு காட்டும் உண்மைகளாம்.